மீசைக்குக் கீழே அரை நூல்

மாரி,

நான் உயிரோடதான் இருக்கேன். வழக்கமா இங்க எல்லாரும் சுகம்னு ஆரம்பிக்கிறவன், இந்தத் தடவை இதை முதல்ல எழுதிடணும்னு நினைச்சேன். போன மாசம் கோட்டயத்து ஆஸ்பத்திரியில, நாலு பேரு முன்னாடி, நான் உயிரோட இருக்கிறதையே ஒரு சாக்காச் சொல்லி நீ தப்பிச்சுக்கிட்டே. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு, அந்த டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேக்கிறதா, இல்ல இன்னும் சாகாம இருக்கிறதுக்கு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கிறதான்னு விளங்கல. பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பேசலாம்னு பாத்தேன். நீ குமுளி பஸ்ஸைக் கண்டதும் ஓடிப்போய் ஏறிட்டே. ஒரு டீ குடிக்கக்கூட நிக்கல. அப்புறம் நான் எங்கிட்டுப் பேச? ஆடி மழை இங்க சித்திரபுரத்துல வெளிய தலைகாட்ட விடல. எனக்கும் மூச்சு இழுப்பு, பேக்டரிக்கு ரெண்டு நாள் லீவு. அதனால நீளமாத்தான் எழுதுவேன். பாதியில மடிச்சு ஏலக்காய் மூட்டைக்கு அடியில சொருகிடாம முழுசையும் படி.

நேத்து ஆஸ்பத்திரியில இருந்து மறுபடியும் கார்டு வந்திருக்கு. வர்ற புதன்கிழமை காலையில நீ போகணும். மீசையைச் சுத்தமா மழிச்சுட்டு வரணும்னு எழுதி, அதுக்கு அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்காரு அந்த டாக்டர். நம்மளைப் பத்தி நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காரு. அந்தக் கார்டை வச்சுக்கிட்டு உனக்கு எப்படி எழுதலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே, சந்தைக்குப் போன உங்க அம்மா மூணாறுல இருந்து நனைஞ்சுக்கிட்டே வந்தா. வந்தவ தலையைக்கூடத் துவட்டல. தங்கத்தோட அம்மா அவளைக் கருவாட்டுக் கடை முன்னாடி நிறுத்திக் கேட்டுட்டாகளாம், உங்க பையனுக்கு எங்க பொண்ணைப் பிடிக்கலையான்னு.

நல்லாக் கேட்டுக்கோ, உன் உதட்டைப் பத்தி அவுக கேக்கல. பிறக்கும்போதே உனக்கு மேல் உதடு பிளந்திருந்துச்சு, மூணு வயசுல தைச்சோம், தையல் தழும்பு மீசைக்குள்ள இருக்குன்னு நான் அவுக வீட்டுக்கே போய், தங்கத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒண்ணும் ஒளிக்காமச் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை எஸ்டேட்டுல பச்சைக் குழந்தைகளைப் பாத்துக்கிற வேலையில இருக்கிறவ. இந்த மாதிரி எத்தனையோ பிள்ளைக உதட்டையும் பாத்திருப்பா, மூக்கையும் பாத்திருப்பா. அவ பயந்ததெல்லாம் வேற. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு நடந்ததை நீயே நினைச்சுப் பாரு. அவுக வீட்டு ஆட்டுக்குட்டி உள்ள வந்து என் வேட்டி நுனியை மென்னு தின்னுச்சு. நான் அது தெரியாம எந்திரிக்க, வேட்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு ஆகி, அங்க இருந்த அத்தனை பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. தங்கம் காப்பித் தட்டைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சா. நானே சிரிச்சேன். நீ மட்டும் மின்சாரக் கம்பம் மாதிரி உக்காந்து கூரைத் தகரத்தை எண்ணிக்கிட்டு இருந்தே.

அன்னைக்கு ராத்திரியே அவ அவளோட அம்மாகிட்டச் சொல்லியிருக்கா. "உதட்டுத் தையல் கிடக்கட்டும்மா. என்னைப் பாத்து ஒருதரம்கூட அவுக சிரிக்கலையே. பிடிக்காம வந்து கட்டிக்கிட்டா நான் என்ன செய்வேன்?" இதுக்கு நாங்க என்ன பதில் சொல்லட்டும்? ஆவணியில முகூர்த்தம்னு பேசி வச்சது, இப்ப ஆடி கழியட்டும் பாப்போம்னு வந்து நிக்குது. உனக்கு அவளைப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். இல்லைன்னா அந்தப் பிள்ளைக்குன்னு குமுளியில இருந்து ஒரு கண்ணாடி வளையல் டப்பா வாங்கிட்டு வந்து, குடுக்கத் தெரியாம உங்க அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போயிருப்பியா? ஆனா உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் தெரியாதே. பெத்தவனுக்கே வளையலைப் பாத்துத்தான் தெரிஞ்சுது.

சரி, ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வர்றேன். அங்க நடந்தது உனக்கு ஒரு தொந்தரவாத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அப்படித் தெரியல. இருபது முப்பது வருஷம் முன்னாடி உதடு தைச்ச பிள்ளைகளைப் பழைய நோட்டைப் பாத்துத் தேடிப் பிடிச்சு, பெரியவங்களான பிறகு அந்த உதடு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கிறாரு அந்த மனுஷன். தைச்சு விட்டதோட எல்லாரும் மறந்துடுறாக, இவரு திரும்பக் கூப்பிட்டுப் பாக்கிறாரு. தலை அசையாம இருக்க வச்ச மரச்சட்டத்துக்குள்ள நீ தலையைக் குடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டதால உனக்குத் தெரியாது. நான் எல்லாத்தையும் பாத்தேன். ரெண்டு கண்ணோட உள்முனையில ஒவ்வொரு மைப்பொட்டு. அது அசையாத இடமாம், அதை வச்சுத்தான் மத்ததை அளக்கணுமாம். மூக்குக்கு ரெண்டு பக்கமும் பொட்டு, ரெண்டு கடைவாயிலயும் பொட்டு, தாடையில ஒண்ணு. மேல் உதட்டு மேட்டுல ரெண்டு பொட்டு வைக்கணும், அதுதான் முக்கியம். அப்புறம் சினிமாக் காமிராவை முன்னாடி வச்சு, சிரிக்கச் சொல்லுவாக, ஊதச் சொல்லுவாக, பல்லைக் காட்டச் சொல்லுவாக, பா பான்னு சொல்லச் சொல்லுவாக. அந்தப் பிலிமைச் சுவத்துல பெரிசாக் காட்டி, ஒவ்வொரு பொட்டும் இருந்த இடத்துல இருந்து எவ்வளவு தூரம் நகந்துச்சு, இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவுன்னு ஸ்கேல் வச்சு அளப்பாக. வேற ஒரு ஆளோட தாளை எனக்குக் காட்டினாரு. மூஞ்சி ஒண்ணும் இல்ல, வெறும் பொட்டும் கோடும்தான். ஆனா அந்த ஆளு எந்தப் பக்கம் கோணிச் சிரிக்கிறான்னு பாத்ததும் தெரிஞ்சுது.

நான் பிட்டர். முப்பத்தோரு வருஷம் தேயிலை உருட்டுற மிஷினோட மல்லுக்கட்டினவன். அந்தத் தாளைப் பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. ஏன்னா ஒரு ஷாப்டை நிறுத்தி வச்சு அளந்துட்டு, நேரா இருக்குன்னு சொல்லி மாட்டுற பிட்டரை நானே எத்தனை தடவை ஏசியிருக்கேன். சும்மா கிடக்கிறப்ப நேராத்தான் இருக்கும். சுத்த விட்டு, டயலை வச்சுப் பாத்தாத்தான் உதறுதா இல்லையான்னு தெரியும். பேக்டரியில இதைப் புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் தொண்டை வத்தச் சொன்னவன், வீட்டுல என்ன செஞ்சேன்? உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாம எங்க போகும்?

நாலு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும், ஞாயித்துக்கிழமை தவறாம, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வச்சு, உன்னைக் கதவுல சாத்தி நிறுத்தி, பேக்டரியில இருந்து கொண்டாந்த வெர்னியரால உன் உதட்டை அளந்தேன். மூக்கடியில இருந்து உதட்டு விளிம்பு வரைக்கும் வலது பக்கம் இவ்வளவு, இடது பக்கம் இவ்வளவு. இடது பக்கம் அரை நூல், அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு, ஏறி இருந்துச்சு. சாக்பீஸால கதவுக்குப் பின்னாடி எழுதி எழுதி வச்சேன். வளர வளர அந்த அரை நூல் இறங்கிடும்னு எவனோ சொன்னான், அதை நம்பி அளந்துக்கிட்டே இருந்தேன். அளந்தா இறங்கிடுமா என்ன? அப்ப அப்படி ஒரு கிறுக்கு. அசையாதே, கல்லு மாதிரி நில்லுன்னு வாரா வாரம் உன்கிட்டச் சொன்னதும் நான்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை வெர்னியரோட குளுந்த இரும்பு மூக்குல பட்டுக் கூச்சத்துல நீ களுக்குன்னு சிரிச்சுட்டே. நான் தலையில ஒண்ணு வச்சேன். "சிரிச்சா அளவு தப்பும்லே"ன்னு சொன்னேன். நீ அழல. சிரிப்பையும் நிறுத்திட்டே. அதுக்குப் பிறகு நல்லா நின்னே, அசையாம நின்னே. நான் பையன் இப்பத்தான் பக்குவப்பட்டிருக்கான்னு சந்தோஷப்பட்டேன். உங்க அம்மாதான் ஒருநாள் ஈரத்துணியை எடுத்து அந்தக் கதவு முழுக்கத் துடைச்சு விட்டுட்டு, இனிமே அந்த இரும்பை வீட்டுக்குள்ள கொண்டாந்தா ஓடையில வீசிடுவேன்னு சொன்னா. ஒரு வாரம் அவகூட நான் பேசல. அளவு எல்லாம் போச்சேன்னு அவ்வளவு கோவம் எனக்கு.

இப்ப ஆஸ்பத்திரியில நர்சம்மா உன் முன்னாடி வந்து, "ஒண்ணு சிரிக்கு மோனே"ன்னு எவ்வளவு பாசமாக் கேட்டாக. நீ சட்டத்துக்குள்ள இருந்தபடியே கண்ணை மட்டும் திறந்து என்னைப் பாத்துட்டு, டாக்டர்கிட்டச் சொன்னே. "சிரிச்சா அளவு தப்பும் ஸார்." பதினெட்டு வருஷம் கழிச்சு, அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாம. டாக்டர் நீ கிண்டல் பண்றேன்னு நினைச்சுச் சிரிச்சாரு. "இவிடே சிரிச்சாலே அளவுள்ளூ"ன்னாரு. இங்க சிரிச்சாத்தான் அளவேன்னு. நான் கீழ குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி இருந்துக்கிட்டேன். என் செருப்புக்கு வாரே கிடையாது.

ஏண்டா, உங்கிட்ட நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன். பத்தாவதை இன்னொரு தடவை எழுதுன்னு சொன்னேன், கேக்கல. பீடியைத் தொடாதேன்னு சொன்னேன், கேக்கல. மழையில நனைஞ்சுட்டு ஈரச் சட்டையோட திரியாதேன்னு இன்னைக்கும் உங்க அம்மா தலைபாடா அடிச்சுக்கிறா. எல்லாம் ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டவன், நான் சொன்னதுல விட்டுத் தொலைக்க வேண்டிய ரெண்டே ரெண்டை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே. உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

அந்த ரெண்டாவது, மீசை. அதுக்கும் நான்தான் காரணம், ஒத்துக்கிறேன். பதினேழு வயசுல உனக்கு மீசை வந்ததும் நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஒரு நிம்மதி. தழும்பு மேல மட்டும் முடி முளைக்கல. அந்த இடைவெளியை நீ உங்க அம்மாவோட கண்மையால தீட்டிக்கிட்டது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மை டப்பா ஒரு மாசத்துல காலியாகும். அவ ஒண்ணும் கேக்காம அடுத்ததை வாங்கி அதே மாடத்துல வைப்பா. அவளாவது மை வாங்கி வச்சா. நான் மீசை அடர்த்தியா வரட்டும்னு நல்லெண்ணெய் தடவச் சொன்னேன். உதட்டை மறைக்கிறதுக்கு வீடே கூடி வேலை பாத்திருக்கோம்.

பத்தொன்பது வயசுல, குமுளியில ஏலக்காய்க் கடையில வேலைக்குச் சேரப் போற முதல் நாள், நீ மீசையை எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னே. அன்னைக்கு நான் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். புது ஊரு, புது ஆளுங்க, இனிமே மறைக்க வேண்டாம்னு நீ நினைச்சிருப்பே. ஒரு நெஞ்சுரத்தோட வந்திருக்கே. அது எனக்கு இப்பப் புரியுது. அப்ப நான் தட்டைத் தள்ளிவிட்டுட்டுக் கத்தினேன், "ஏலே, அப்பன் செத்துட்டானா?"ன்னு. அப்பன் செத்தா கொள்ளி வைக்கிற மகன் மீசை எடுப்பான், இருக்கும்போது எடுத்தா ஆகாதுன்னு எங்க அப்பா எனக்குச் சொன்னது, யோசிக்காம வாயில வந்துருச்சு. நீ துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டே. மீசை வளர்ற வரைக்கும் ஒரு மாசம் வேலைக்கே போகல. சத்தியமாச் சொல்றேன் மாரி, அன்னைக்கு நான் மீசை இல்லாததைத்தான் பாத்தேன். உன் உதட்டைப் பாக்கவே இல்ல.

ஆக, அந்த டாக்டர் மேல் உதட்டுல பொட்டு வைக்க மீசையை எடுக்கணும்னதும், "அப்பா இருக்காரு ஸார், எடுக்கக்கூடாது"ன்னு நீ சொன்னது என்கிட்ட இருந்து வாங்கி என்கிட்டயே திருப்பிக் குடுத்தது. அவரு மலையாளத்துக்காரரு, பாவம், இது தமிழாளுங்க வழக்கம் போலிருக்குன்னு மரியாதையாத் தலையாட்டிட்டு, மீசைக்குக் கீழ இருக்கிறதை மட்டும் படம் பிடிச்சாரு. நீ வெளிய போய் நின்ன பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. பேசும்போது உன் உதடு நல்லாத்தான் ஓடுதாம். பா பான்னு சொல்லும்போது ரெண்டு பக்கமும் சரியா மூடித் திறக்குதாம். சிரிக்கச் சொன்னா மட்டும் கடைவாய் ரெண்டும் இருந்த இடத்துலயே நிக்குதாம். தையல் பிடிச்சு இழுத்தா ஒரு பக்கம்தான் நிக்கும், ரெண்டு பக்கமும் நிக்காது, அதனால இது தையலோட வேலையாத் தெரியலைன்னாரு. மேல் உதட்டைப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது, இன்னொரு தடவை கத்தி வைக்கணுமா வேண்டாமான்னும் சொல்ல முடியாதுன்னாரு. "இவன் சிரிக்காததுக்கு வேற ஏதாவது காரணம் உண்டோ?"ன்னு கேட்டாரு. நான் தெரியலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பிள்ளைக்குத்தான் தைரியம் இல்லைன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன், பாத்துக்கோ.

உங்க அம்மா இப்ப பக்கத்துல வந்து நிக்கிறா. போன தடவை கொண்டு போன கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கொண்டாரணுமாம், நெய்க்குப்பியையும் கொண்டாரணுமாம். எழுதிட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நடுவுல நெய்க்குப்பியான்னு கேட்டா, நீங்க எழுதுற லட்சணத்துக்கு அவன் குப்பியைத் திருப்பிக் குடுக்கவாவது வரட்டும்னு சொல்றா.

அதனால நான் சொல்றதைக் கேளு. இது யோசனை இல்ல, உத்தரவு. சனிக்கிழமை கடை முடிஞ்சதும் குமுளியில முடிவெட்டுறவர்கிட்டப் போய் மீசையை எடு. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு அவரு கட்டாயம் கேப்பாரு. ஒண்ணும் ஆகல, வீட்டுல உக்காந்து கடுதாசி எழுதிக்கிட்டு இருக்காருன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை இங்க வா. துண்டு, கைக்குட்டை எதையும் மூஞ்சியில கட்டிக்கிட்டு வராதே. மூணாறுல பஸ் இறங்கும்போதே உன்னைப் பாத்துட்டு நான் போயிட்டேன்னு நினைச்சு நாலு பேரு இங்க துக்கம் கேக்க வருவாக. வரட்டும். நான் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன், எல்லாருக்கும் டீ குடுக்கச் சொல்றேன். அன்னைக்குச் சாயங்காலம் தங்கம் வீட்டுக்குப் போவோம். அந்த வளையல் டப்பாவை நீயே உன் கையால குடு. சிரிப்பு வந்தா சிரி, கோணினா கோணட்டும், அந்தப் பிள்ளை பாத்துட்டு வேணும்னு சொல்றதையும் வேண்டாம்னு சொல்றதையும் அவ சொல்லட்டும். நீயா மூஞ்சியை மூடிக்கிட்டு அவளுக்குப் பதிலா முடிவு பண்ணாதே. புதன்கிழமை நானும் உன்கூடக் கோட்டயத்துக்கு வர்றேன். வெர்னியரைப் போன வருஷமே ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டேன். உனக்கு எதிர்ல உக்காந்து, தேவைப்பட்டா அந்த ஆட்டுக்குட்டி வேட்டி தின்ன கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

மீசை எடுத்தா அப்பாவுக்கு ஆகாதேன்னு உனக்கு உள்ளுக்குள்ள நிஜமாவே ஒரு பயம் இருந்தா, அதையும் சொல்லிடுறேன். கம்பெனி டாக்டர் என் நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டுட்டு, தேயிலைத் தூள் நிறைய உள்ள போயிருக்கு, ஜாக்கிரதையா இருங்கன்னாரு. அது உன் மீசையைக் கேட்டா வேலை செய்யப் போகுது? இன்னைக்கோ இன்னும் பத்து வருஷம் கழிச்சோ, நான் போகத்தான் போறேன். கொள்ளி வைக்க எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன். அன்னைக்கு நீ எடுத்துத்தான் ஆகணும், யாரும் உன்னைக் கேக்கக்கூட மாட்டாக, ஓடைக்கரையில உக்கார வச்சு மழிச்சு விட்டுடுவாக. பேக்டரி ஆளுங்க, லயத்து வீட்டுச் சனங்க, சந்தைக்கு வந்தவன் போனவன் அத்தனை பேரும் உன் உதட்டை நல்லாப் பாப்பாக. இத்தனை வருஷமா அதை அளந்து அளந்து, ஒரு தடவைகூட ஒழுங்காப் பாக்காத ஒருத்தன் மட்டும், கண்ணை மூடிக்கிட்டு உன் முன்னாடி படுத்திருப்பான். அன்னைக்கு உன்னால சிரிக்கவும் முடியாது.

அதுக்கு முன்னாடி எடுத்துட்டு வாடா. நான் பாக்கணும்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத உன் அப்பா.